நாலாம் நம்பர் வில்லை

போன வாரம் பட்டறை அலுவலகத்திலிருந்து இளைய கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார். ஓய்வுபெற்றவனைத் தேடி ஒருவர் வந்தால் கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கும், இல்லையென்றால் நன்கொடைச் சீட்டு இருக்கும். இவர் கையில் ஒரு படிவம் இருந்தது. பட்டறை வாசல் பலகையில் தொங்கும் பித்தளை வில்லைகளை எடுத்துவிட்டு, அட்டையைச் செருகினால் மணியை அச்சடித்துத் தரும் கடிகார இயந்திரம் ஒன்றை வைக்கப் போகிறார்களாம். பழைய வில்லைகளை எண்ணி, எது யாரிடம் இருந்தது என்று எழுதி, கழித்துவிட வேண்டும். எல்லாம் ஒத்துப் போய்விட்டது. ஒரே ஒரு வில்லைக்கு மட்டும் ஆள் இல்லை. நாலாம் நம்பர். பலகையின் முதல் வரிசையில் தொங்குகிறது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

"கோடு போட்டது உங்க கைன்னு சொல்றாங்க சார். 'வைத்திருந்தவர்'ங்கிற கட்டத்துல என்ன எழுதுறது?"

என் கைதான். ஆனால் அது ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற பதில் இல்லை. புதிய இயந்திரத்துக்கான திட்டத்தையும் அவர் எனக்குக் காட்டினார். அழகாகத் தட்டச்சு செய்து, படிகளுக்கு எண் போட்டு, நாடாவால் கட்டியிருந்தார்கள். வில்லை வந்தபோது நாங்கள் எப்படிச் செய்தோம் என்று எழுதித் தந்தால் இளைய கிராணிகளுக்கு உதவும் என்றும் சொன்னார். எழுதுகிறேன். முதலில் தப்பாகச் செய்தோம். பிறகு சரியாகச் செய்தோம். தப்பு என்னுடையது.

இலாகாவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குத் தேவையில்லை. நான் கிள்ளானில் பிறந்தவன். பாதிரிமார் பள்ளியில் படித்து, கையெழுத்துக்குப் பரிசு வாங்கி, பதினெட்டு வயதில் பட்டறையில் இளைய கிராணியாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் கடிதங்களை நகல் புத்தகத்தில் ஈரத்தாள் வைத்து அழுத்தினேன். அடுத்த மூன்று வருஷம் மற்றவர்கள் அழுத்துவதைக் குறை சொன்னேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் பெரிய கிராணி அம்பலவாணரைப் பார்த்து வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை. காலையில் வந்ததும் மைக்கூட்டின் விளிம்பைத் துணியால் துடைப்பார். துடைத்த பிறகுதான் உட்காருவார். மேசையில் இரண்டு பென்சில்கள் இருக்கும். தகவல் தப்பாக இருந்தால் நீலம், மரியாதை தப்பாக இருந்தால் சிவப்பு. எந்தக் கடிதத்தையும் மூன்று தடவை வாசிப்பார். முதல் தடவை விஷயத்துக்காக, இரண்டாம் தடவை எண்களுக்காக. மூன்றாம் தடவை வாசிக்கும்போது, அதைப் படிக்கப் போகிறவரின் முகம் எப்படி மாறுமோ அப்படி அவர் முகம் மாறும். துரைக்கு எழுதிய கடிதமென்றால் புருவம் ஏறும். தலைமைக் காரியாலயத்துக்கு எழுதியதென்றால் ஒரு மாதிரி சளி பிடித்த முகமாகிவிடும். மேசையில் காகிதம் ஒன்று ராத்தங்குவதை அவர் ஒருநாளும் அனுமதித்ததில்லை. துரையைத் தவிர மற்ற எல்லாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இளைய கிராணியாக இருந்த காலத்திலிருந்து அவரே எழுதிவந்த ஆட்பதிவேடு. வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சேர்ந்த நாள், எல்லாம் உருண்டைக் கையெழுத்தில் இருக்கும். மற்றவர்கள் புது மருமகளிடம் நகையை எடுத்துக் காட்டுவது போல, புதிதாக வந்த கிராணிகளிடம் அதைத் திறந்து காட்டுவார். "இதிலை ஒரு வெட்டு, ஒரு கிறுக்கல் காட்டும் பாப்பம், ஐசே." பெரிய கிராணியாகி அந்தப் பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்தபோது, ஒரு மாதம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று நான் எழுதுவதைப் பார்த்தார். அந்த மாதம் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இனி வில்லைக்கு முந்திய முறை. விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டங்களில் பெரட்டு என்பார்கள். பட்டறையிலும் அதே பெயர்தான். கூப்பிடுகிறவர் மண்டோர் வேலாயுதம், ஆட்களுக்கு மேற்பார்வையாளர். கையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நானூறு பெயரையும் கூப்பிடுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. புத்தகம் கௌரவத்துக்கு. பெயர்கள் எல்லாம் மனப்பாடம். ராமசாமிகள் மட்டும் பதினாறு பேர் இருந்ததால் நொண்டி ராமசாமி, கிள்ளான் ராமசாமி, ரெண்டு பொண்டாட்டி ராமசாமி என்று அடைமொழியோடு கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் "வந்தேன் ஐயா" என்பார். பக்கத்தில் நிற்கும் கிராணி ஒரு குறி போடுவார். இது முடிய அரைமணி நேரமாகும். மழை பெய்தால் இன்னும் கொஞ்சம்.

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு புதிய துரை ஒருவர் சீமையிலிருந்து வந்தார். முதல் வாரம் முழுக்கப் பெரட்டின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் வாரம் அம்பலவாணரைக் கூப்பிட்டார். பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு எண் போட்ட வில்லைகளை வைக்க வேண்டும், திட்டம் போடுங்கள் என்றார். அம்பலவாணர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

நான் போட்ட திட்டம் ஒன்பது பக்கம், முப்பத்தொரு படிகள். இன்றைக்கும் அதில் பெரும்பகுதியைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் உள்ளங்கையில் பாதியளவு பித்தளை வில்லை, அதில் ஒரு துளையும் ஓர் எண்ணும். காலையில் ஆள் தன் வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இரண்டாம் சங்கு ஊதியதும் பெட்டி பூட்டப்படும். பலகையில் மிச்சம் தொங்குகிற எண்கள் அன்று வராதவர்கள். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வில்லைகளைக் கொல்லுப்பட்டறையிலேயே வெட்டினார்கள். எண் பொறிக்கும் வேலையைச் சம்மட்டி ஆள் முனியாண்டியிடம் கொடுத்தார்கள். முப்பத்து நாலு முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. பேச்சு குறைவு, கை சுத்தம். அவர் அடித்த எண்கள் அச்சில் வார்த்தவை போல இருக்கும்.

செய்தி பரவியதும் ஆட்கள் முறுக்கிக்கொண்டார்கள். நகராட்சியில் உரிமம் வாங்கிய நாயின் கழுத்தில் பித்தளை வில்லை தொங்குவதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். இயந்திரம் பொருத்தும் பிட்டருக்கு உதவியாளாக இருந்த சடையன், பட்டறையில் மூத்தவர்களில் ஒருவர், வாயும் மூத்தது. எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"வில்லை வருது, சரி. சங்கிலி எப்ப வருதுங்க கிராணி?"

மண்டோர் வேலாயுதம் பின்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிடுவது நின்றுபோனால் அவர் கையில் இருக்கிற மரியாதையில் முக்கால்வாசி போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம்தான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. எண்களை மூப்புப்படி கொடுப்பது. முதலில் சேர்ந்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு. நாய் வில்லை பட்டமாகிவிடும். இதைப் பதினேழாம் படியாகச் சேர்த்து ஆட்களிடம் சொன்னேன். மறுநாளே காற்று திசை மாறியது. சடையன் தன் எண் பத்துக்குள் வருமா என்று கேட்டு, வரும் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டார். யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று தேத்தண்ணிக் கடையில் வாக்குவாதம் நடந்தது. எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

அம்பலவாணர் திட்டத்தை மூன்று தடவை வாசித்தார். மூன்றாம் வாசிப்பில் பதினேழாம் படியில் நீலப் பென்சில் நின்றது.

"இந்த மூப்புப் பட்டியலை எதிலையிருந்து எடுத்தனீர்?"

"உங்க பதிவேட்டிலிருந்துதான் ஐயா."

பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப சரி," என்றார்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதில் ஒரு சிறு பங்கு அவருடைய கர்வத்துக்கும் உண்டு.

வெள்ளோட்டம் பார்க்கும் நாள் வந்தது. பட்டியலை ஒட்டி, வில்லைகளை மாட்டி, ஆட்களை வாசலில் கூட்டினோம். நான் எண்ணையும் பெயரையும் படிக்க, ஒவ்வொருவராக வந்து தன் வில்லையை எடுக்க வேண்டும். வெள்ளைக்கார போர்மேன் ஒருவர் ஓரமாக நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று பேர் கிழவர்கள். வந்தார்கள், எடுத்தார்கள். நாலு, முனியாண்டி என்றேன். கொல்லுப்பட்டறை முனியாண்டி தயங்கித் தயங்கி வந்து, தானே எண் அடித்த வில்லையை எடுத்துக்கொண்டார். அஞ்சு, சடையன் என்றேன். சடையன் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"நான் எடுக்க மாட்டேன்," என்றார். "முனியாண்டியும் நானும் ஒரே கப்பல்ல வந்தவங்க. இந்தப் பய அப்ப ஊர்ல மூக்கொழுகிக்கிட்டு நின்னான். இவனுக்குப் பின்னாடி நான் நிக்கணுமா?"

எனக்குப் புரியவில்லை. நாலாம் நம்பர் முனியாண்டிதானே என்றேன்.

"முனியாண்டி செத்துப் பதிமூணு வருஷமாச்சுங்க. பாடையில முன்னாடி தோள் கொடுத்தவன் நான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. முகம் சாம்பலாகிவிட்டது. நானூறு பேரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதை அந்த நிமிஷம் கவனித்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பதின்மூன்று வருஷமாகத் தெரியாமல் இருந்தது அலுவலகத்துக்கு மட்டும்தான். போர்மேன் என்ன தகராறு என்று கேட்டார். மூப்பு விஷயம் என்றேன். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர், நம்பவில்லை. துரை பார்க்க ஒரு அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதி எனக்கு எண்ணோடு மனப்பாடம். வேறொருவர் பெயரில் வேலையில் இருப்பவரை அன்றே நீக்க வேண்டும். இலாகா கொடுத்த வீட்டை மறுநாள் மாலைக்குள் காலி செய்துவிட வேண்டும். ஆனால் அறிக்கை எழுதுமுன் சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலத்தை எடுக்க வேண்டும் என்பதும் விதிதான். கொல்லுப்பட்டறைக்குப் போனேன். அவர் உலைக்குப் பக்கத்தில் நின்றார். வில்லை இன்னும் கையில் இருந்தது. மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். அவர் பெயர் சோலைமலை. முனியாண்டி அவருடைய அண்ணன். அண்ணன்தான் கடிதம் போட்டு அவரை ஊரிலிருந்து வரவழைத்தார். இவர் வந்து இறங்கிய கொஞ்ச நாளில் அண்ணன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இடம் போய்விடும், ஒரு வாரம் வந்து நில்லு என்று மண்டோர் சொன்னார். வந்து நின்றார். அந்த வாரமே அண்ணன் இறந்துபோனார்.

"மறுநாள் காலையில பேரக் கூப்பிட்டாங்க. நான் வந்தேன்னுட்டேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியலைங்க."

அவருக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். கடைசிக் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. வேலை போனால் வீடும் சேர்ந்து போகும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"வருஷா வருஷம் முனியாண்டிக்குத் திதி கொடுக்கிறேன். மறுநாள் முனியாண்டின்னு வேலைக்கு வர்றேன். இதுக்கு என்ன பேருங்க, உங்க சட்டத்துல?"

எங்கள் சட்டத்தில் அதற்குப் பெயர் உண்டு. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவருக்கு அந்த ஒரு நாள் விடுப்புச் சீட்டை எழுதிக் கொடுத்தவன் நான். காரணம்: அண்ணன் திதி. அண்ணன் பெயரைக் கேட்டு எழுத ஒரு கட்டம் அந்தச் சீட்டில் இல்லை, ஆகவே நான் கேட்கவில்லை.

ஆனாலும் அறிக்கையை எழுதினேன். ஆறு பத்தி, அடித்தல் திருத்தல் இல்லாமல். அம்பலவாணர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மூன்று தடவை வாசித்தார். பென்சில் எதையும் எடுக்கவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். முனியாண்டி இருக்கும் பக்கத்தைத் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ரை எழுத்து," என்றார். "செத்த மனுசன் பதின்மூண்டு வருசமா என்ரை புத்தகத்திலை உயிரோடை இருக்கிறார்."

யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மண்டோரிடம் கேட்டுவரச் சொன்னார்.

மண்டோர் வேலாயுதம் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"யாரு யாரு சொந்தப் பேர்ல இருக்கான்னு கேளுங்க லா. சீக்கிரம் சொல்லிடலாம்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விவரமாகச் சொன்னார். ஊருக்குப் போகிறவன் இடத்தை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது. அதனால் தம்பியையோ மச்சானையோ நிறுத்திவிட்டுப் போகிறான். சில பேர் திரும்பி வருகிறார்கள், சில பேர் வருவதில்லை. நின்றவன் நின்றபடியே இருந்துவிடுகிறான். பெயர் புத்தகத்தில் இருக்கிறது, ஆள் வரிசையில் இருக்கிறான், வேலை நடக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். கடைசியில் எனக்கு வைத்தார் ஒரு குட்டு.

"வில்லையில பேரே கிடையாது, வெறும் நம்பருதான். அவனவன் பாட்டுக்கு எடுத்துப் போட்டுட்டுப் போயிருப்பான். நீங்க எதுக்கு அதுல மூப்பு, தாழ்வுன்னு ஒட்ட வச்சீங்க?"

முப்பத்தொரு படிகளில் யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. அதுதான் பதினேழு. பெரட்டில் முன்னால் யார், பின்னால் யார் என்று கிடையாது. செத்தவன் பெயரைத் தம்பி சொன்னால் சடையன் பொறுத்துக்கொண்டார், பாடை தூக்கியவரே பொறுத்துக்கொண்டார். அந்தப் பெயருக்குத் தன்னைவிட ஒரு படி மேலே நான் நாற்காலி போட்டபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து பேசாமல் காப்பாற்றி வந்த ஒன்றை எண் போட்டுப் பலகையில் மாட்டினேன்.

திரும்பி வந்து சொன்னேன். ஒருவரை விதிப்படி நீக்கினால் அதே விதிப்படி பட்டறையில் பெரும் பங்கைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அம்பலவாணர் நாலரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் அறிக்கை அவர் மேசையிலேயே கிடந்தது. நான் பார்த்து அவர் மேசையில் ராத்தங்கிய முதல் காகிதம் அதுதான்.

மறுநாள் காலை மைக்கூட்டைத் துடைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். வீட்டில் எழுதியது, ஒரே பக்கம். அதன் சாரம் இது. முனியாண்டி இறந்ததையும், அவர் இடத்தில் தம்பி சோலைமலை சேர்ந்ததையும் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இதுபோல வேறு வரிகளும் விட்டுப்போயிருக்கின்றன. அந்தக் காலத்தில் பதிவேட்டை எழுதியவரும், இப்போது அதற்குப் பொறுப்பாளரும் அம்பலவாணராகிய நானே. வில்லை முறை தொடங்குமுன் எல்லா ஆட்களும் ஒரு வாரத்துக்குள் தம் பெயரைத் தாமே வந்து சொல்ல, புதிய பதிவேடு எழுதப்பட வேண்டும். தானாக வந்து சொன்ன வேறுபாடு எதையும் எழுத்தர் பிழையாகவே கொள்ள வேண்டும். வில்லைகளை மூப்புப்படி அல்லாமல் குலுக்கிக் கொடுக்க வேண்டும்.

இது துரையை ஏமாற்றுவதாகாதா என்று இழுத்தேன்.

"எது பொய், ஐசே? செத்ததை எழுதினனா? இல்லை. தம்பி வந்ததை எழுதினனா? இல்லை. ரெண்டு வரி விட்டுப் போச்சு. விட்டது ஆர்?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். கடைசி ஆறு வருஷம் பதிவேடு என் கையில்தான் இருந்தது. விட்டுப்போன வரிகளில் என்னுடையவையும் இருந்தன. அந்தத் தாளில் என் பெயர் இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

துரை அறைக்குப் பதிவேட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன். பேச்செல்லாம் இங்கிலீஷில். துரை தாளைப் படித்தார். போர்மேன் இதை ஆள்மாறாட்டம் என்றல்லவா சொன்னார் என்று கேட்டார். பதிவேட்டில் விடுபாடு என்றார் அம்பலவாணர். எத்தனை விடுபாடு என்று கேட்டதற்கு, எத்தனை பேர் வந்து சொல்கிறார்களோ அத்தனை என்றார். துரை பதிவேட்டைத் திறந்து நாலைந்து பக்கம் புரட்டினார். அந்த உருண்டைக் கையெழுத்தைப் பார்த்தார்.

"நீங்கள் பிழையே விடாதவர் என்றல்லவா எனக்குச் சொன்னார்கள்?"

"அதனால்தான் யாரும் சரிபார்க்கவில்லை, சார்."

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கொல்லுப்பட்டறையில் சம்மட்டி விழும் சத்தம் கேட்டது. அவர் முட்டாள் இல்லை. அந்தத் தாளில் எழுதியிருப்பது எது, எழுதாமல் விட்டது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆட்களைக் கழித்தால் பட்டறை நின்றுவிடும் என்பதும் தெரியும். ஆனால் கோப்பில் யாராவது ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டுமே என்றார். அதற்காகத்தான் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன் என்றார் அம்பலவாணர். துரை பேனாவை எடுத்தார்.

அந்த வாரம் அலுவலக வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பெயர், தகப்பன் பெயர், முதன்முதலில் வரிசையில் நின்றது எப்போது என்ற மூன்று கேள்விகள்தான். முதல் நாள் யாரும் வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் காலை சடையன் வந்தார். அவருக்குத் திருத்த ஒன்றுமில்லை. அவர் எப்போதும் சடையன்தான். ஆனால் அன்று தான் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். வெயிலில் கண் மங்கி யாரையோ யாரோ என்று நினைத்துச் சொல்லிவிட்டதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்படி எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று விளக்கினேன். போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சோலைமலையிடம் பெயர் கேட்டேன். பக்கத்தில் நின்ற மண்டோரை ஒரு தடவை பார்த்தார்.

"சோலைமலை."

எழுதினேன்.

"இன்னொரு தடவை சொல்லட்டுங்களா?"

ஒரு தடவை போதும் என்றேன். அவர் இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு வரிசை வராந்தாவைத் தாண்டி நீண்டது. ரெண்டு பொண்டாட்டி ராமசாமி வந்தார். அவர் ராமசாமியே இல்லை, பெருமாள். அப்படியானால் அந்த இரண்டு மனைவிகள் என்று கேட்டேன்.

"அது முந்தின ராமசாமிக்குங்க. எனக்கு ஒண்ணுதான். பேரோட சேர்ந்து வந்துடுச்சு. வீட்டுல இன்னும் நம்ப மாட்டேங்கிறா."

ஒரு சான்றிதழ் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

வாரக் கடைசியில், வில்லைகளைக் குலுக்குவதற்காக ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டிருந்தபோது, சடையனும் சோலைமலையும் அலுவலகத்துக்கு வந்தார்கள். சோலைமலை நாலாம் நம்பர் வில்லையை மேசை மேல் வைத்தார். பேசியது சடையன்தான்.

"நாலு அவன் நம்பருங்க, நீங்கதானே போட்டீங்க. அத டின்னுல போட வேணாம். வேற எவனும் எடுக்க வேணாம்."

ஆள் இல்லாத வில்லைக்கு விதியில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்பலவாணர் வில்லையைக் கையில் வாங்கி, எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எந்தப் பலகையிலும் உதிரி ஒன்று இருப்பது வழக்கம்தான் என்றார். அப்படி ஒரு வழக்கத்தை நான் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை.

"தொங்கட்டும். புத்தகத்திலை கோடு போடும், ஐசே."

போட்டேன்.

துரை பேனாவை எடுத்தார் என்றேன் அல்லவா, அதன் விளைவு அதற்கு மறுநாளே வந்துவிட்டது. பதிவேட்டைக் கவனக்குறைவாக எழுதியதற்காகப் பெரிய கிராணிக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். துரை சொல்ல, நான்தான் தட்டச்சு செய்தேன். எங்கள் அலுவலகத்தில் துரையின் கையெழுத்துக்குப் போகும் எந்தக் கடிதமும் முதலில் பெரிய கிராணி பார்வைக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாமல் அதையும் அவர் முன்னால் வைத்தேன். மூன்று தடவை வாசித்தார். மூன்றாம் வாசிப்பில் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு நீலப் பென்சிலை எடுத்தார்.

"கோப்பு எண் பிழை. திருப்பி அடியும்."

அடித்துக் கொடுத்தேன். கையெழுத்தானதும் தன் கோப்பில் அதை அவரே வைத்தார், அதற்குரிய இடத்தில்.

அவருடைய ஒரு பக்கத் திட்டத்தில் ஒரே ஒரு படிதான் எனக்கு அப்போது விளங்கவில்லை. வில்லை தொடங்குவதற்கு முந்திய நாள், புதிய பதிவேட்டைப் பார்த்துக் கடைசியாக ஒரு பெரட்டு. சரிபார்ப்பதற்காக என்று எழுதியிருந்தார். ஏற்கெனவே நான் இரண்டு தடவை சரிபார்த்தாகிவிட்டது. வீண் வேலை என்று நினைத்தேன்.

மண்டோரின் மனப்பாடம் அன்று உதவவில்லை. அதனால் நான் படித்தேன். அவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். துரையும் அன்று கடிகாரத்தைப் பார்க்க வந்திருந்தார். அம்பலவாணர் குடையோடு நின்றார். அப்படி ஒரு மோசமான பெரட்டை நான் பார்த்ததில்லை. பெயரைக் கூப்பிட்டால் சத்தமே வராது. பக்கத்தில் நிற்கிறவன் முழங்கையால் இடிப்பான். பிறகு திடுக்கிட்டு ஒரு "வந்தேன் ஐயா". பெருமாள் என்று நாலு தடவை கூப்பிட்டேன். பெருமாள் தன் பக்கத்தில் நின்றவனை இடித்துக்கொண்டிருந்தார். வரிசை முழுக்க அடக்க முடியாத சிரிப்பு.

"சோலைமலை," என்றேன்.

பதில் இல்லை. கொல்லுப்பட்டறை வரிசையில் அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாரையோ கூப்பிடுவதைக் கேட்பவர் போல இருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். சடையன் தலையை வெளியே நீட்டினார்.

"டேய், உன்னத்தான்டா."

அவர் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது.

"வந்தேன் ஐயா."

குறி போட்டேன். அன்றைய பெரட்டு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. துரை கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் வில்லைகள் பெட்டியில் விழுந்தன. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பலகையில் ஒன்று மட்டும் மிச்சம் தொங்கியது.

அம்பலவாணர் ஓய்வுபெற்ற போது இலாகா கொடுத்த நற்சான்றில் வழக்கமாக வரும் 'கவனமும் நம்பிக்கையும் உடையவர்' என்ற வரியில் கவனத்தை எடுத்துவிட்டார்கள். கோப்பில் கண்டிப்பு இருந்தால் அந்தச் சொல் வரக்கூடாது. அதுவும் விதி. என்னிடம் அதைக் காட்டினார். நம்பிக்கை மிச்சம் இருக்கிறதே என்று நான் சமாதானம் சொல்லப் போக, அவர் சிரித்துவிட்டார். "விதிப்படி சரியாத்தான் எழுதியிருக்கிறாங்கள், ஐசே," என்றார். யாழ்ப்பாணம் போய் இரண்டு வருஷத்தில் காலமானார்.

இளைய கிராணியின் திட்டத்தைப் பார்த்தேன். படிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அட்டைகளில் பெயரை எந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தார் என்று மட்டும் கேட்டேன். அன்று நான் வராந்தாவில் எழுதிய பதிவேட்டிலிருந்தே என்றார். ஒரு வாரம் வராந்தாவில் மேசை போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்தப் படிவம். கட்டம் கட்டமாகச் சொல்கிறேன், அப்படியே நிரப்பிக்கொள்ளட்டும். வில்லை எண்: நாலு. வைத்திருந்தவர்: முனியாண்டி. நிலை: புதிது, ஒருநாளும் பெட்டியில் விழவில்லை. ஒப்படைக்கப்படுவது: கொல்லுப்பட்டறை மூத்த ஆள் சோலைமலையிடம். உறவு: தம்பி. கையெழுத்து வாங்கிக்கொள்ளவும். பெயர் பதிவேட்டில் சரியாக இருக்கிறது. அதைச் சரிபார்க்க வேண்டியதில்லை.